பேர் வெட்டிய தூக்குப்போசி

போன தீபாவளிக்கு எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அட்டைப் பெட்டிகளாக வந்து குவிந்தன. வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, உள்ளே அச்சில் வார்த்தது போல மைசூர்பாகு. கொண்டுவந்தவர்கள் லிஃப்ட் கதவை ஒரு காலால் பிடித்துக்கொண்டே நீட்டிவிட்டு, ஹேப்பி தீபாவளி ஆன்ட்டி என்று சிரித்துவிட்டுப் போனார்கள். தின்று முடித்ததும் பெட்டிகள் குப்பைக்குப் போயின. நம் வயதுக்காரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். இது உங்களுக்கு உறுத்தவில்லையா? ஒரு வீட்டுப் பலகாரத்தைத் தின்றுவிட்டுத் திருப்பித் தர ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருப்பது?

நம் காலத்தில் பலகாரம் பாத்திரத்தில் வந்தது. பாத்திரம் திரும்பிப் போக வேண்டும், சும்மா போகக் கூடாது. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். யார் வீட்டுப் பாத்திரம் என்று குழம்பாமல் இருக்க அதில் பேர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் ஒருவர் ஊசி மெஷினை வைத்துப் புள்ளிபுள்ளியாகக் குத்துவாரே, அந்த எழுத்து. விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். எனக்கு அப்படி ஒரு பாத்திரத்தோடு பழைய வழக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்குப் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் அப்பா ரைட்டர். ஆள் எண்ணிக்கை போடுவதும் பழம் எடை பார்ப்பதும் அவர் வேலை. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ஓட்டு வீடுகள் மூன்று. முதல் வீடு லாரி டிரைவருடையது. அவர் பாய். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். கடைசி வீட்டில் நர்ஸம்மா. எஸ்டேட் ஆஸ்பத்திரி என்பது அவர் வீட்டு முன்னறைதான். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர், தனி ஆள், எந்தப் பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார். நடுவில் நாங்கள், அப்பா அம்மா நான்.

அந்த மூன்று வீட்டுக்கும் நடுவே பாத்திரங்கள் நடமாடிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். டிரைவர் வீட்டுக்குப் போன பாத்திரம் ரம்ஜானுக்குச் சேமியாப் பாயசத்தோடு திரும்பி வரும். நர்ஸம்மா வீட்டுக்குப் போனது கிறிஸ்துமஸ் கேக்கோடு வரும். அவர் கேக் சுடுவதே ஒரு வேடிக்கை. அவரிடம் அடுப்பு என்று இருந்தது ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டி, அதற்குள் டப்பாவை இறக்கி, மூடியின் மேல் கரித்துண்டுகளைக் கனிய வைப்பார். அடி தீய்ந்துதான் வரும். தீய்ந்ததைக் கத்தியால் சுரண்டி எனக்குக் கொடுப்பார். என்னைக் கேட்டால் கேக்கில் அதுதான் ருசி.

அம்மா நர்ஸம்மாவுக்குப் பலகாரம் அனுப்பும் பாத்திரம் ஒரு தூக்குப்போசி. மூடியும் பிடியும் வைத்த எவர்சில்வர் போசி, அவளுடைய கல்யாணச் சீரில் வந்தது. வயிற்றில் அம்மாவின் பேர். நான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த சொல்லே அதுதான் என்று அப்பா சொல்வார். அந்தத் தீபாவளிக்கு அதில் அதிரசம் போனது. கிறிஸ்துமஸுக்கு அது திரும்பவில்லை, ஏனென்றால் அந்தக் கிறிஸ்துமஸில் நர்ஸம்மா கேக் சுடவில்லை. அம்மா காய்ச்சலில் கிடந்தாள். நர்ஸம்மா எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். மார்கழி முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். எனக்கு ஒன்பது வயது.

பதினாறாம் நாள் மலைக்குக் கீழே குப்பனூரிலிருந்து மாமா ஜீப் வைத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் அண்ணன். வாசலிலேயே நின்று, "மலைய உட்டுக் கீழ எறக்கியிருந்தா எந்தங்கச்சி பொழச்சிருப்பா. நீ பழம் எடை போட்டுட்டு இருந்தியாக்கும்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். மாமா உள்ளே போய்ச் சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜீப்பில் ஏற்றினார். குடம், அண்டா, பலகாரம் போட்டு வைக்கும் சம்படம், தட்டு, டம்ளர், அம்மா பேர் வெட்டிய எல்லாம். சாக்குக்குள் அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டு போன சத்தம் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் கேட்டது. எங்களுக்கு மிஞ்சியவை பேரில்லாத அலுமினியச் சட்டிகள். அம்மா என்று ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கு ஒரு எழுத்துகூட இல்லை. அன்றைக்கு நான் அழுதது அம்மாவுக்காகவா, டம்ளருக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததில்லை. பொங்கல் அன்று எங்கள் வாசலில் கோலம் இல்லை. தொழிலாளர் லைனில் பானை பொங்கிக் குலவை போட்டார்கள். நாங்கள் பழைய சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தோம்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. மாரமங்கலம் பக்கத்து மலைக்காரர்களெல்லாம் புதுத்துணி கட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வழியாகத்தான் போனார்கள். ராட்டினமும் பொரியும் என் கண்ணில் ஆடின. துக்கக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு மலைக் கோயிலுக்குப் போகக் கூடாது என்றார் அப்பா. மலை மேலேயே குடியிருப்பவளுக்கு மலைக் கோயில் ஆகாதாம், என்ன நியாயமோ! பலாமரத்தடியில் உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்கள் கையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரம்ஜான் மழையோடு வந்தது. காலையிலிருந்தே டிரைவர் வீட்டில் நெய்யில் முந்திரி வறுபடுகிற மணம். நான் மூக்கை வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா தலையில் முக்காடு போட்டு, கிண்ணத்தைத் தட்டால் மூடிக்கொண்டு, எங்கள் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். அப்பா வழியை மறித்து நின்றார்.

"வேண்டாமுங்க. இந்த வருசம் எங்க ஊட்டுல நோம்பி கெடையாதுங்க."

"நோம்பி எங்களுக்குத்தானுங்ணா. புள்ளைக்கு மட்டுமாச்சும் குடுக்கறனே."

"வேண்டாமுங்க. தப்பா நெனைக்காதீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கிண்ணம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. சற்று நேரத்தில் நர்ஸம்மா வீட்டு வாசலில் இரண்டு பெண்களும் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் படிக்கட்டில் எந்தப் பாத்திரமும் ஏறவில்லை. நானும் போவதை நிறுத்திக்கொண்டேன். இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர், இரண்டுக்கும் அப்பால் ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்பா இருட்டுவதற்குச் சற்று முன்னால் வருவார், சோறு பொங்குவார், காலையில் திரும்பக் கிளம்பிவிடுவார். அந்த வருஷம் நான் என்னோடேயே பேசிப் பழகிக்கொண்டேன். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தீபாவளிக்கு மட்டும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. துக்க வீட்டுக்கு உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அது முறை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் சொன்னாள். அப்படியானால் மாமா வருவார். கோபம் அப்பா மேல்தானே, என் மேல் என்ன? ஒருவேளை அம்மா பேர் வெட்டிய அந்தச் சம்படத்திலேயே கொண்டுவருவார். காலையிலேயே போய்க் குப்பனூர் பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். முதல் பஸ்ஸில் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர், "யாருக்கு கண்ணு நிக்கற?" என்று கேட்டார். "மாமா வருவாருங்க" என்றேன். மூன்றாவது பஸ்ஸிலும் அதே கண்டக்டர் வந்தார். இந்தத் தடவை இரண்டு விரலால் ஒரு லட்டை எடுத்து நீட்டினார். வாங்காமல் ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் காய்ச்சல். அப்பா என்னைப் போர்வையில் சுற்றி நர்ஸம்மாவின் முன்னறை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே வராமல் வெளியே நின்றார்.

"நூத்தியொண்ணு இருக்கு மக்களே. மழையில என்னத்துக்குப் போய் நின்ன?"

"சும்மா."

அவர் மாத்திரையை இரண்டாக உடைத்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் தூக்கினேன். மருந்துப் புட்டிகள் இருந்த அலமாரியின் மேல் தட்டில் அது இருந்தது. எங்கள் தூக்குப்போசி. மூடி போட்டு, பேர் வெளியே தெரியும்படி வைத்திருந்தார். பத்து மாதத்துக்குப் பிறகு அம்மாவின் பேரை எழுத்தில் பார்க்கிறேன். நர்ஸம்மா என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார்.

"அது அங்கேயே இருக்கட்டும் மக்களே. அதுக்கு ஒரு நாள் இருக்கு."

இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல முடியும்? ஆனால் ஒன்பது வயதுக் கழுதைக்குப் புரியவில்லை. மாமா எடுத்துப் போனார், இவர் மறைத்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் எனக்கு. மலையில் அம்மாவின் பேர் மிச்சமிருப்பது அந்த ஒரு பாத்திரத்தில். அதை வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால், வேண்டாமுங்க என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

பழம் பறிக்கிற காலம் வந்தது. நர்ஸம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் ஊருக்கே போய்விடுகிறார் என்று தெரிந்தது. அவர் வீட்டு வாசலில் மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் வைத்து நட்சத்திரம் கட்டியிருந்தது. அதன் கீழேயே டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. ஒவ்வொரு நாளும் போகும்போதும் வரும்போதும் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பேன். போசி பெட்டிக்குள் போய்விட்டால் அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் காலையில் நர்ஸம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு டவுனில் கோயிலுக்குப் போனார். அப்பா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். நர்ஸம்மா வீட்டுக் கதவுக்குக் கயிறுதான் பூட்டு. உள்ளே போனேன். அலமாரி மேல் தட்டு காலி. பெட்டியைத் திறந்து பார்த்தேன், இல்லை. திரும்பினால் மேசை மேல் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, மூடி தனியாகக் கழற்றி வைத்து. பக்கத்திலேயே மெல்லிய துணி போட்டு மூடிய கேக். வீடு முழுக்க முட்டையும் ஏலக்காயும் மணத்தன. போசிக்குள் வெள்ளைத் தாள் ஒன்றை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தது.

கண் இருந்தது, பார்த்தேன். புரிந்துகொள்ள எனக்கு அவகாசம் இல்லை. பேரைத் தடவிப் பார்த்தேன், மூடியை அழுத்தினேன், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

அப்பா குடத்தை இறக்கிக்கொண்டிருந்தார். போசியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். கட்டைவிரலால் பேரை ஒருமுறை தேய்த்தார். மூடியைத் திறந்தார்.

"நர்ஸம்மா குடுத்தாங்களா?"

"நானே எடுத்துட்டு வந்துட்டேன். நம்ம அம்மாளுது. ஒளிச்சு வெச்சிருந்தாங்க."

அப்பா என்னை அடித்ததே இல்லை. அன்றும் அடிக்கவில்லை. உள்ளே கிடந்த வட்டத்தாளை எடுத்து என் கையில் வைத்தார். "கேக்கு ஒட்டாம இருக்கறதுக்குப் போட்டிருக்காங்க சாமி. வெச்சுக் குடுக்கலாம்னு இருந்திருக்காங்க" என்றார்.

"நீதான் யாரும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னே!"

"சொன்னனுங் கண்ணு." அப்பா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "வாங்குனா திருப்பிக் குடுக்கோணுமில்ல? உங்கம்மா இருந்தா ஒண்ணுக்கு நாலாப் போட்டுக் குடுப்பா. எனக்கு ஒரு முறுக்குச் சுடத் தெரியுமா? சும்மாப் போசிய எப்படிக் கொண்டுபோயி நீட்டறது? அதுக்கு வாங்காமயே இருந்தரலாம்னு நெனச்சேன்."

துக்கமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை! ஒரு மனிதருக்கு முறுக்குச் சுடத் தெரியாத வெட்கத்தில் எங்கள் வீட்டுக் கதவு ஒரு வருஷம் சாத்திக் கிடந்திருக்கிறது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு கை சர்க்கரை போதும் அப்பா என்று சொல்ல எனக்கு அன்று வயது போதவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பெரியவர்கள் மலைக்குக் கீழே கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போசியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று அப்பா கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதற்குள் நர்ஸம்மா கோயிலிலிருந்து வந்து, வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா கையில் போசியைப் பார்த்தார். கொடுத்த பாத்திரத்தைச் சும்மாவே திரும்ப எடுத்துக்கொள்வது என்றால், இனி உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை என்று அர்த்தம். குழந்தையை விட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் ரைட்டர் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அப்பா ஒரு படி இறங்குவதற்குள் நர்ஸம்மா உள்ளே போய்விட்டார். வாசலில் நட்சத்திரம் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

மதியம் டிரைவர் வீட்டு அக்கா வந்தார். கையில் செய்தித்தாளில் கட்டிய பொட்டலம்.

"நர்ஸக்கா குடுக்கச் சொன்னாங்க. புள்ளைக்கு. ஏனத்துல வெக்கலீங்ணா, திருப்பித் தர்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லச் சொன்னாங்க."

இந்தத் தடவை அப்பா தடுக்கவில்லை. நான் பிரித்தேன். பெரிய துண்டு, அடியில் தீய்ந்த பகுதியைச் சுரண்டாமல் அப்படியே விட்டிருந்தார். எனக்குப் பிடிக்கும் என்று நினைவு வைத்திருக்கிறார். தின்றேன். செய்தித்தாளின் மை வாசம் அடித்தது. அப்பா ஒரு விள்ளல்கூட எடுக்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "காயிதத்துல கட்டிக் குடுத்துட்டாங்க" என்று இரண்டு முறை சொன்னார். நல்லதுதானே என்று நினைத்தேன், திருப்பித் தர வேண்டிய பாரம் இல்லையே. அன்று மாலை நர்ஸம்மா டிரங்குப் பெட்டியை மூடிக் கயிறு கட்டுவதைப் பார்த்தபோதுதான், பாரம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு உறைத்தது.

இரண்டு நாளும் போசி என் மடியை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் பேர் இருந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பனி விலகவில்லை. அப்பா விடியும்போதே எஸ்டேட்டுக்குள் போய்க் கமலா ஆரஞ்சு பறித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நர்ஸம்மா சேலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அப்பா பையை நீட்டினார்.

"வச்சுக்கங்க."

"இருக்கட்டும் ரைட்டர். பிள்ளைக்குக் குடுங்க. போற வழியில எனக்கு எதுக்கு?"

முகத்தில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரிடமோ பேசுவது போலப் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ் டிரைவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார். நான் போசியின் மூடியைத் திறந்தேன். பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து எடுத்து அதில் போட்டேன். நாலுதான் பிடித்தது. ஐந்தாவதை அமுக்கினேன், மூடி பொருந்தவில்லை. அப்படியே தூக்கி, ஜன்னல் கம்பிகளுக்குக் கீழே நீட்டினேன். கை எட்டவில்லை. அப்பாதான் என்னைத் தூக்கிப் பிடித்தார்.

"நர்ஸம்மா, சும்மாக் குடுக்கல. பழம் இருக்குது."

நர்ஸம்மா போசியைப் பார்த்தார். அம்மா பேர் அவர் பக்கம் இருந்தது. எனக்கு அந்த மலையில் இருந்தது அது ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும்.

"இத என்கிட்டக் குடுத்துட்டா உனக்கு மக்களே?"

"திருப்பிக் குடுக்கோணுமில்ல" என்றேன்.

அவர் ஜன்னல் கதவை முழுக்க ஏற்றிப் பார்த்தார், போசி கம்பி இடுக்கில் நுழையாததால் கண்டக்டரை விட்டுப் படி வழியாக வாங்கச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பால் அதன் வாயை மூடினார். "வரும். சும்மா வராது" என்றார். பஸ் நகர்ந்தபோது அழுதுகொண்டிருந்தார். அப்பாவும்தான். அழாதது நான் ஒருத்திதான், நான் கணக்காக ஒரு காரியம் செய்துவிட்ட பெருமையில் இருந்தேன்.

அது வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த வருஷம் அப்பாவுக்கு வேறு எஸ்டேட்டில் வேலை கிடைத்து வீடு மாறினோம். நர்ஸம்மா இருந்திருந்தால் இன்று நூறு வயதைத் தாண்டியிருப்பார். அவர் அனுப்பி, எங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருக்கலாம். தெரியாது. அட்டைப் பெட்டி வாங்கும்போதெல்லாம் நான் எரிந்து விழுவதன் காரணம் இப்போது உங்களுக்குப் புரியும்.

ஆனால் வருத்தம் இல்லை, நிஜமாகவே. திரும்பி வந்திருந்தால் நானும் எதையாவது போட்டு அனுப்பி, அதோடு முடிந்திருக்கும். அந்தப் போசி எங்கேயோ தெற்கே, ஒரு வீட்டு அலமாரியில், எனக்குத் தர வேண்டியதாக இன்னும் இருக்கிறது. அந்த வீட்டில் யாராவது ஒரு குழந்தை அதை எடுத்து, என் அம்மாவின் பேரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, இது யார் என்று கேட்டிருக்கும்.